அவன் மூத்தவன்

நான் செத்துப்போனதாகப்
பள்ளத்தூருக்குத் தந்தி வந்தது:
லெப்டினன்ட் வயிரவன், பீரங்கிப் படை,
இன்செய்ன் சண்டையில், மார்ச் ஒன்பது.
நான் கவுனி அரிசி தின்றுகொண்டிருந்தேன்.

ஆத்தா என்னைப் பார்த்தாள்,
அப்புறம் அப்பச்சியை.
கை கழுவ எழுந்தவர்
சொம்பு காலியான பிறகும்
சாய்த்துக்கொண்டே நின்றார்.

ஐயா பெயரை
ரங்கூனிலும் ஒருத்தனுக்கு வைத்திருக்கிறார்.
என்னைவிட இரண்டு வயது மூத்தவன்.
அப்படியென்றால் பெயர் அவனுடையது,
என்னிடம் இருப்பது நகல்.

கரேன்களை நோக்கிச் சுட்டானாம்.
அவனோடு கணக்குப் படித்தவர்களும்
அந்தப் பக்கம் இருந்தார்களாம்.
தூரம் கணிப்பதில் கெட்டிக்காரன் என்று
பின்னால் ஒரு கடிதம்.
பர்மிய எழுத்து,
காசு கொடுத்துப் படிக்கவைத்தேன்.

கோயில் புள்ளியில் அவன் இல்லை.

மார்ச் ஒன்பதில் யாராவது
வயிரவா என்றால்
சட்டென்று திரும்ப மாட்டேன்.
கொஞ்சம் பொறுப்பேன்.
அவனைக் கூப்பிட்டிருக்கலாம்.