கீழ்த்தாடை

பதினைந்து வயது அர்னாஸ்
வாயைத் திறக்க மறுக்கிறான்.
பயமில்லை அவனுக்கு. கடைவாய்ப் பல் பிளந்து
மூன்று இரவாகத் தூக்கமில்லை
என்று அவன் அம்மாதான் சொன்னாள்.
கௌனஸில் பிப்ரவரி.
டிராலிபஸ் ஓட்டும் சீருடையோடு வந்தவள்
நடைவழியில் நின்று
பனி உருகச் சொட்டிக்கொண்டிருக்கிறாள்.

நான் பல் மருத்துவரின் உதவியாள்.
உறிஞ்சுகுழாய் பிடிப்பேன், விளக்கைத் திருப்புவேன்,
இன்னும் கொஞ்சம் திற, இன்னும் கொஞ்சம் என்பேன்.
இந்தக் குளிர்காலத்தில் இவன் ஐந்தாவது பையன்.
ரப்பர்போல் இறுகிய ஏதோ ஒரு பிசினை
நாளுக்கு நான்கு மணி நேரம் மென்றால்
தாடை சதுரமாகுமாம்.
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்து
பேச்சைக் குறைத்தால் முகம் ஆணாகுமாம்.
யாரோ ஒருவன் சொல்லியிருக்கிறான்.
அந்த யாரோவுக்கு ஊர் இல்லை, குளிர் இல்லை,
சட்டையும் இல்லை.

எக்ஸ்ரேயைக் காட்டியதும்
பல்லைப் பற்றிக் கேட்கவில்லை அர்னாஸ்.
"கோணம் எத்தனை டிகிரி?"
விளையாட்டாக அளந்து
நூற்று இருபத்தாறு என்றார் மருத்துவர்.
"அப்போ அவ்வளவுதான்."
எது அவ்வளவுதான் என்று
நாங்களும் கேட்கவில்லை.
வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள்.

ஊசி போட்டோம்.
மரத்த உதட்டோரம் எச்சில் வழிய
நாக்கு தன் இடத்தைவிட்டு இறங்கிற்று.
காவல் போன வாயிலிருந்து
குழறிக் குழறி வந்தாள் ஊர்தே,
அவன் வகுப்புப் பெண்.
இருவரும் சதுரங்கம் ஆடுவார்களாம்.
அவளிடம் தோற்றதை எழுதிப்போட்டிருக்கிறான்,
முகம் தெரியாத நண்பர்களுக்கு.
நானூறு பேர் சிரித்தார்களாம்.
அதோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டான்.
"எப்படித் தோற்றாய்?" என்றேன்.
"குதிதை" என்றான்.
"என்ன?"
"குதிதை. அவளோத குதிதையைக் கவனிக்கலை."
மருத்துவர் சிரித்துவிட்டார், நானும்.
அவனும் சிரித்தான்,
மரக்காத பாதி முகத்தால் மட்டும்.

அம்மா உள்ளே வந்ததும்
வாய் மூடிக்கொண்டது.
இறங்கிய நாக்கை
மேலே தள்ளிப் பார்க்கிறான் என்பது
மோவாய்க்கடியில் தசை இழுபட்டதில் தெரிந்தது.
அவள் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு
இன்று சூப் குடிக்கலாமா என்று கேட்டாள்.
அவனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

இரவு
என் மகனின் மோவாய்க்கடியில் விரல் வைத்தேன்.
ஒன்பது வயது. வாய் பிளந்து தூங்குகிறான்.
தொழில் பழக்கம்,
கைபேசி வெளிச்சத்தை உள்ளே திருப்பினேன்.
ஒரு பால்பல்
மூச்சுக்கு மூச்சு ஆடிக்கொண்டிருந்தது.