இரவல் கத்தரி

மியூஸ் ஆற்றங்கரைப் பட்டியில்
கம்பளி கத்தரித்துக்கொண்டிருந்தேன்.
அரண்மனைக் காரியக்காரனின் ஆள் வந்தான்:
"அன்ஸ்த்ரூத், உன் கத்தரியைக் கொடு.
மடத்தில் இருப்பது துருப்பிடித்துவிட்டது."

எதற்கென்று கேட்கவில்லை.
பாதி கத்தரித்த கடா
ஒரு பக்கம் குளிரோடு நின்றது.

பையனுக்குப் பதினோரு வயது.
பிறந்ததிலிருந்து இரும்பு படாத தலை.
போன அறுவடைக்கு மாட்டுவண்டியில் போனான்,
வைக்கோல் நிறத்தில் இடுப்புவரை கிடந்தது.
அதற்கு மேல் வேறு முடி எதுவும்
அவன் சூடி நாங்கள் பார்த்ததில்லை.

சாயங்காலம் கத்தரி திரும்பி வந்தது,
அரைப்படி வாற்கோதுமையோடு.
அழுதானா என்றேன்.
"இல்லை, தும்மினான்.
கழுத்தெல்லாம் அரிக்கிறது என்றான்."

துடைத்துத்தான் கொடுத்திருந்தார்கள்.
ஆனாலும் வில்வளைவில் ஒரே ஓர் இழை,
என் கைநீளத்துக்கும் மேல்.

இனி ஆஸ்திரேசியா யாருக்கு,
நியூஸ்திரியா படை எடுக்குமா,
காரியக்காரன் தன் மகனையே உட்காரவைப்பானா என்று
பட்டியில் பேசிக்கொண்டார்கள்.
முடி இறக்கியாயிற்று என்றேன்.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இழையைக் கம்பளிக் குவியலில் போட மனம் வரவில்லை.
காற்றில் விட்டேன்,
முள்வேலியில் போய் மாட்டிக்கொண்டது.

கடா அங்கேயே நின்றது.
மறுபக்கத்தைத் தொடங்கினேன்.
மடத்தில் சாணை பிடித்திருக்க வேண்டும்,
எங்கும் இழுக்கவேயில்லை.