பத்துக்கு வேண்டிய பல்

குருநகர்ச் சந்தையில் ஏலம் கூறும் யுவக்கீம்
ஐஸ்பெட்டி மூடி தெறித்து
மேல்வாய் முன்பல் ஒன்றை
விடியப்புறம் இழந்தார்.
எட்டு மணிக்கு எங்கள் மாடிப்படியில் நின்றார்
கைலேஞ்சியால் வாயைப் பொத்தியபடி,
சாரத்தில் பாரைச் செதில் மினுங்க.

பல் என்று சொல்லப் பல் வேண்டாம்.
சொல்லிப் பாருங்கள்:
உதடு, பிறகு நுனிநா மேலே. முடிந்தது.
பத்து என்று சொல்லத்தான் வேண்டும்.

டொக்டர் வாசுகி நாற்பத்திரண்டாயிரம் என்றார்.
ஆயுள் முழுக்க விலையை ஏற்றியே பழகிய வாய்
முதன்முறை இறக்கிப் பார்த்தது:
நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தொன்பது.
ஒவ்வொரு தகரத்திலும் காற்றுப் போனது.
டொக்டர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டு
மூவாயிரம் குறைத்தார்.

வேர் தப்பியிருந்தது.
அதைத் துப்புரவாக்கிக் கட்டையாகச் சீவிய பிறகு
பேனைப் பருமனில் ஒரு வெளிச்சம்
வாய்க்குள் போய்
முரசோரம் மெல்ல நடந்து திரும்பியது.
பசை இல்லை, ஓங்காளம் இல்லை.
இரண்டு நிமிடத்தில் யுவக்கீமின் வாய்
யுவக்கீம் இல்லாமல்
என் திரையில் சுழன்றது.

என் வேலை அங்கே தொடங்கும்.
மென்பொருளின் பெட்டகத்தில்
ஆயத்தப் பற்கள் நிறைய.
ஒன்றை எடுத்து அதுவாகவே நீட்டியது:
நேரானது, யாருடையதும் அல்லாதது,
வெற்றிலை கண்டறியாதது.
பொருத்திப் பார்த்தேன்.
மீன் சந்தைக்குள் வழிதவறி வந்த
வங்கி முகாமையாளர் மாதிரி நின்றது.

அழித்தேன்.
பக்கத்துப் பல்லைப் பிரதியெடுத்து
இடம் வலமாகப் புரட்டினேன்.
கொஞ்சம் சரிவு,
தங்கூசி கடித்துக் கடித்து விழுந்த
நெல்முனை அளவுப் பள்ளம்.
பள்ளத்தை நிரப்பவா என்று கேட்டது கணினி.
வேண்டாம் என்று அழுத்தினேன்.

முதலில் பிளாஸ்ரிக்கில் ஒன்று.
ஒரு கிழமை சந்தையில் போட்டுத் திரிந்து வந்தார்.
"பிள்ளை, பத்து வருகுது.
பதினைஞ்சிலதான் நாக்குத் தடக்குது.
தடக்கின நேரத்துக்குள்ள ஒருத்தன்
இறால் பெட்டியைப் பதினாலுக்கு
அடிச்சுக்கொண்டு போட்டான்."

உட்புறத்தில் கால் மில்லிமீற்றர்.
அவ்வளவுதான் அந்த இறால் பெட்டி.
சுட்டியால் வழித்தேன்,
வெண்ணெயில் விரல் வைப்பதுபோல்.

பிறகு சேர்க்கோனியாக் கட்டி.
சூளைக்கு முன் அது வெறும் சோக்கு,
நகம் பட்டாலும் கீறும்.
ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகவே கடைய வேண்டும்;
நெருப்பு எவ்வளவு எடுக்கும் என்று
கணக்கு முன்கூட்டியே தெரியும்.
எனக்குத் தெரிந்து வேறெதற்கும்
அந்தக் கணக்கு யாரிடமும் இருந்ததில்லை.

பாதியில் மின்சாரம் போனது.
ஊசி பல்லின் கழுத்தில் நின்றது.
இருட்டில் அறை முழுக்க வெள்ளைத் தூள் மணம்,
கீழே ஓட்டோக்காரர் யாரோடோ வாக்குவாதம்.
மின்சாரம் வந்தபோது
இயந்திரம் விட்ட இடம் மறந்திருந்தது.
புதுக் கட்டி. முதலிலிருந்து.
டொக்டரிடம் இன்னும் சொல்லவில்லை.

இரவு முழுக்கச் சூளை.
காலையில் இடுக்கி நுனியில் ஒரு பல்,
சுருங்கி, இறுகி, அளவாக.
வெற்றிலைக் காவியை
ஓரத்தில் தூரிகையால் தொட்டுவைத்தேன்.
அதற்குக் காசு இல்லை.

ஒட்டி முடித்ததும் டொக்டர் சொன்னார்,
"ஏதாவது கதையுங்கோ பாப்பம்."

யுவக்கீம் கதிரையிலிருந்து எழும்பவில்லை.
அண்ணாந்து விளக்கைப் பார்த்தார்.
"லைற்று, பத்தாயிரம்!
பத்தாயிரத்து ஐந்நூறு, பதினோராயிரம்,
பதினைஞ்சு, பதினைஞ்சு, பதினைஞ்சு..."
ஒன்றும் தடக்கவில்லை.

கதவு திறந்துதான் கிடந்தது.
வெளி வாங்கில் ஊசி போட்டுக் காத்திருந்த,
பாதி வாய் விறைத்துப்போன ஒரு பெண்
பதினாறுக்குக் கையை உயர்த்தினாள்.