அடிக்கோட்டில் தொடங்கும் வரி

கிரீன்விச்சில் நள்ளிரவு என்றால்
வண்ணார்பேட்டையில் விடிகாலை ஐந்தரை.
சான்றிதழுக்குச் சாவு
அதற்கு ஒரு நொடி முன்.
இதை அறிவித்த கடிதங்கள் ஆறும்
கோமதிநாயகத்தின் பழைய அஞ்சல் பெட்டியில் கிடந்தன.
நாற்பத்தைந்து நாள், முப்பது நாள், பதினைந்து,
ஏழு, மூன்று,
நாளை.
ஒன்றையும் யாரும் திறக்கவில்லை.
நான் தேடிப் போனது
கீழ்வீட்டு டயர்க்கடைக்காரர் கேட்ட
பழைய வாடகை ரசீதை.

மணி மூன்றே கால்.
ஹைகிரவுண்டு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முகவரி
திரையில் இன்னும் பூட்டுக் குறியோடு நிற்கிறது,
இரண்டே கால் மணி நேரப் பூட்டு.
அதன் பிறகு
அம்பாசமுத்திரத்திலோ களக்காட்டிலோ
சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க விரலை வைப்பவருக்கு
ஒரு சிவப்புப் பக்கம் சொல்லும்:
உங்கள் தகவலை யாரோ திருட முயலலாம்.
யாரும் திருடவில்லை ஐயா.
தேதி முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.
மும்பையில் சர்வர் அதுபாட்டுக்கு ஓடும்,
ரிப்போர்ட்டுகள் பத்திரமாக இருக்கும்,
நம்பத்தான் ஆளிருக்காது.

தானே புதுப்பித்துக்கொள்ளும் என்றுதான் சொன்னான்.
மூன்று வருடம் புதுப்பித்தது.
அவன் சண்டை போட்டுக்கொண்டு போனபின்
ஏன் நின்றது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை,
பதில் என்னிடம் முன்பே இருந்தது:
வேண்டுமென்றே செய்திருப்பான்.

டொமைன் கணக்கில் நுழையக் கேட்கும் ஆறிலக்க எண்
அவன் கைப்பேசிக்குப் போகும்.
அதையும் நான் மாற்றியிருக்கவில்லை.
ஏழு மாதமாகப் பேசாதவனை
மூன்றரை மணிக்கு அழைத்தேன்.
முதல் மணியிலேயே எடுத்தான்.
நயினார்குளம் மார்க்கெட்.
லாரி பின்வாங்கும் கூச்சல்,
மூட்டை விழும் சத்தம், ஏலம்.

"சொல்லு ஷமீலா."
எண் வந்திருக்கும், பார்த்துச் சொல் என்றேன்.
"முப்பத்தெட்டு!"
எழுதினேன்.
"அது இல்ல, அது உள்ளி. இரு, ஓரமா வாரேன்."
ஏழு, நாலு, சைபர்...
"நாப்பது, நாப்பது, நாப்பத்தொண்ணு!"
ஒருமுறை தவறு. இரண்டாம் முறையும் தவறு.
மூன்றாவதும் தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும்.
திடீரென்று சந்தை அடங்கியது.
லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்தியிருக்கிறான்.
ஒவ்வொரு இலக்கமாக விட்டான்,
குழந்தைக்குச் சொட்டு மருந்து விடுவதுபோல.

"அடிக்கோட்டுல ஆரம்பிக்கிற வரி ஒண்ணு இருக்கும் பாரு,
வாய்ல நுழையாத எழுத்தா.
அதப் பாத்துத்தான் அவன் நம்மள
நாமதான்னு நம்புவான்.
அத மட்டும் தொட்டிராத."

இல்லை.
ஏன் இல்லை என்பது அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது.
அவன் போன மறுவாரம்
அவன் மிச்சங்களைக் கூட்டித் தள்ளிய ஒரு மத்தியானத்தில்
இதென்ன குப்பை என்று
நானே அழித்த வரி.
நிச்சயமாகவா, என்று இரண்டு முறை கேட்டது திரை.
இரண்டு முறையும் நிச்சயமாக இருந்தேன்.

"இருக்கா?" என்றான்.
"இருக்கு," என்றேன்,
புதிதாக ஒட்டிக்கொண்டே.

பிறகு காத்திருப்பு.
சரிபார்ப்பு நிலுவையில்.
டீ ஆறியது. நிலுவையில்.
ஆற்றுக்கு அப்பாலிருந்து பாங்கு. நிலுவையில்.
ஐந்து பதினேழுக்கு
வழங்கப்பட்டது, என்று ஒரே ஒரு சொல்.
பழைய சான்றிதழ் தன் கடைசிப் பன்னிரண்டு நிமிடங்களை
யாருக்கும் தேவைப்படாமல் வாழ்ந்து முடித்தது.
ஐந்து நாற்பத்தொன்றுக்கு யாரோ ஒருவர்
தன் ரிப்போர்ட்டைத் திறந்து, மூடி,
மறுபடி திறந்தார்.

எச்சரிக்கைப் பட்டியலில் என் முகவரியைச் சேர்த்தேன்.
அவன் முகவரிமேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருந்தேன்.
நிச்சயமாகவா, என்றது திரை.

ஏழு மணிக்கு அவனிடமிருந்து வந்தது:
"அது இருந்திருந்தா நின்னிருக்காதே."
கூடவே ஒரு படம், வாய் கட்டாத உள்ளி மூட்டை.
"வேணுமா? முப்பத்தொம்பதுக்குத் தாரேன்."