தொட்டிக்காரன்

கயாரில் எனக்கு வைத்த பெயர் மோர் தலா.
ஒண்டாரிபியாவில் படகேறிய நாளிலிருந்து
தொட்டிக்காரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
சரி, இருக்கட்டும்.
பதினான்கு பேருடைய பங்குப் பணமும்
என் தொட்டியில்தான் நீந்திக்கொண்டிருக்கிறது.

நெத்திலி. விரல் நீளம்.
முந்தாநாள் இரவு விளக்குக் கட்டி, வலை வளைத்து
வாளியில் தண்ணீரோடு மொண்டு ஏற்றினோம்.
வலையோடு அள்ளினால் செதில் உதிரும்.
செதில் உதிர்ந்தது மூன்றாம் நாள் தாங்காது.
போகும்போது தனியாகவும் போகாது.

ஏற்றிய அன்று இரை கிடையாது.
பயந்த வயிறு எதையும் ஏற்காது,
தின்னாமல் விட்டது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.
"பட்டினி போடுகிறாயே" என்று சமையல்காரர் மாட்டின் கேட்டார்.
"நீங்கள் எனக்குச் சூப்பு வைத்த முதல் நாள்
நான் என்ன செய்தேன், நினைவிருக்கிறதா?" என்றேன்.
கடலுக்குத்தான் கொடுத்தேன்.

விளக்கும் அணையக் கூடாது.
இருட்டில் அவற்றுக்குச் சுவர் மறந்துபோகும்.
மூக்கு உடைந்து, வயிறு வெளுத்து மிதக்கும்.
அதனால் தொட்டி வாயில்
மஞ்சள் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டுக் காவலிருக்கிறேன்.
அவை சுற்றுகின்றன,
எல்லாம் ஒரே பக்கம் பார்த்து,
எங்கேயோ போய்ச் சேரப்போகிற அவசரத்தில்.

புதுப் பையன் சுபான் சும்மா மூடியைத் தட்டினான்.
வட்டம் நொறுங்கிற்று.
வோலோஃபில் திட்டினேன்.
ஒரு சொல் தெரியாமலே எல்லாம் புரிந்தது அவனுக்கு.

மூன்று மணிக்குப் பம்பு நின்றது.
ஓடும்போது கேட்காத சத்தம்
நின்றதும் காதை அறைந்தது.
உறிஞ்சு குழாயின் வாயில் சொறிமீன்கள்,
கொழகொழவென்று, ஒன்றன்மேல் ஒன்றாய்.
எஞ்சின்காரர் ஒஸ்கிட்ஸ் தோள்வரை கைவிட்டுப் பிடுங்கினார்,
பிடுங்கப் பிடுங்க வந்தன.
தொட்டியில் வட்டம் அவிழ்ந்தது.
ஆயிரம் வாய்கள் மேலே வந்து
காற்றைக் கடன் கேட்டன.

எல்லோரும் எழுந்தார்கள், உள்சட்டையோடு.
கடலை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம்,
விழுகிற தண்ணீர்தான் மூச்சைக் கொண்டுவரும்.
நாற்பது நிமிடம்.
ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.
பம்பு இருமிவிட்டு ஓடியபோது
செத்தவற்றை நீள்பிடி வலையால் எடுத்தேன்.
பதினோரு வாளி.

மாட்டின் அதில் ஒரு வாளியைப்
பூண்டு போட்டுப் பொரித்தார்.
நானும் தின்றேன்.
நன்றாகத்தான் இருந்தது.

விடிந்ததும் பறவைகள், அடியில் சூரை.
பக்கவாட்டுக் குழாய்கள் பொய் மழை பெய்தன.
"எவ்வளவு இருக்கிறது?" என்றார் தலைவர் மார்ட்செலோ.
பாதி என்றேன்.
வழக்கமாய்க் கை நிறைய எறிவேன்,
அன்று நாலு, ஐந்து. சில்லறை எண்ணுகிறவனைப்போல்.

களைத்த நெத்திலி நேரே அடியில் போகும்,
சூரையையும் கூட்டிக்கொண்டு.
திடமானது அப்படியில்லை.
விழுந்ததும் துள்ளித் திரும்பிப்
படகின் நிழலுக்கே ஓடிவரும்,
எங்களை வீடென்று நினைத்து.
அதன் பின்னால் சூரை வரும்,
சூரைக்குத் தூண்டில் வரும்.
நான் கொடுத்த நலமெல்லாம்
அந்தப் பத்தடித் தூரத்துக்குத்தான்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.
சொல்ல என்ன இருக்கிறது?
தூண்டில்கள் வளைந்தன, மேல்தளம் தடதடத்தது,
சுபான் சிரித்துக்கொண்டே அழுதான்.

மாலையில் தொட்டியில் ஒன்பது மிச்சம்.
அவ்வளவு பெரிய இடத்தில்
இன்னும் அதே வட்டம்.
"விட்டுவிடு, தொட்டியைக் கழுவு" என்றார் தலைவர்.
வாளியைச் சாய்த்தேன்.
ஒன்பதும் போகவில்லை,
படகின் நிழலில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தன.
கொஞ்ச தூரம் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

துறைமுக விளக்குகள் தெரிந்ததும்
பம்பை அணைத்தேன்.
கீழே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் ஆறு பேர்
வாளியோடு ஏறி ஓடிவந்தார்கள்.