திங்கட்கிழமை எடை

ஜெலுத்தோங் கிளினிக்கின் எடை மெஷினில் ஏறுமுன்
செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள்.
நான் தோட்டையும் கழற்றிக் கைப்பையில் போடுகிறேன்.
குணாளன் பேண்ட் பையில்
பஸ் சாவிக்கொத்தோடு ஏறி நிற்கிறான்.
அப்படியும் இந்த வாரம் இரண்டு கிலோ குறைவு.

நான் நூறு கிராம்.
"அது உன் தோடுதான்" என்கிறான்.

இத்தனைக்கும் ஒரே சமையல், ஒரே அளவுக் கிண்ணம்.
நாசி லெமாக்கை விட்டு முப்பத்தொரு நாள்.
மாமாக் கடையில் இரண்டு பேருக்கும் தே ஓ கோசோங்.
யார் செத்தது என்று
கடைக்காரர் கேட்காத குறை.
ராத்திரி ரொட்டி சானாயில்
அவன் மூன்றாவதை விட்டான்.
நான் முதலாவதையே விட்டேன்.

பயான் லெப்பாஸ் ஃபேக்டரியில்
பன்னிரண்டு மணிநேரம்
மைக்ராஸ்கோப்பில் கண் வைப்பவள் நான்.
ஒரே அச்சு, ஒரே சூடு, ஒரே தட்டில் வெந்து வரும் சில்லுகள்.
ஒன்று தேறும்.
ஒட்டிப் பிறந்தது தேறாது.
காரணம் எழுத ஃபாரத்தில் கட்டம் உண்டு.
என் உடம்புக்கு எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பசித்தால் அவன் ஹாரனில் கை வைப்பான்.
பாலத்தில் முன்னால் போகிறவன்
ஏழு தலைமுறைக்கும் திட்டு வாங்குவான்.
நாலு வாய் உள்ளே போனதும்
அதே ஆளுக்கு வழிவிட்டுச் சிரிப்பான்.
எனக்குப் பசி முதலில் காதுக்குப் பின்னால் வரும்.
பிறகு விரல் நுனி சில்லிடும்.
பிறகு பசியே இல்லை என்று பொய் சொல்லும்.
அந்த ஐந்து நாள் மட்டும் விதிவிலக்கு.
உப்பு, புளி, சாக்லேட் என்று
நடுராத்திரி அலமாரியைத் திறக்க வைக்கும்.

சீட்டுக் கட்டும் உடம்பு.
வருவதில் பாதியை என்னைக் கேட்காமலே
இடுப்பிலும் தொடையிலும் முடிந்து வைக்கிறது.
எந்தப் பஞ்சத்துக்கு?
இரண்டு பெற்றாயிற்று,
கடைக்குட்டிக்கு மீசை முளைத்துவிட்டது.
இன்னும் தவணை கட்டுகிறது,
எடு என்றால் எடுக்க மாட்டேன் என்கிறது.
அவனுடையது சம்பள நாள் உடம்பு,
கைக்கு வந்ததை அன்றைக்கே ஊதிவிடும்

என்றுதான் நினைத்திருந்தேன்.

நர்ஸ் நோராய்னி இன்று டேப்பை எடுத்தாள்.
என் இடுப்பை அளந்தாள், எழுதினாள், அவ்வளவுதான்.
அவன் வயிற்றை அளந்தாள்.
மறுபடி அளந்தாள்.
விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள்.
நேற்று ராத்திரியிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்தவனுக்குப்
பதினொன்று புள்ளி இரண்டு.
எனக்கு ஐந்து புள்ளி ஒன்று.

"உன்னுடையது தோலுக்கு அடியில் சும்மா கிடக்கிறது, காக்.
அபாங்குடையது உள்ளே, ஈரலைச் சுற்றி"
என்று மலாயில் சொன்னாள்.
விலை சொல்வது போல்
மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

முப்பத்தொரு நாள் அவன் கிலோக்களைப் பார்த்து
வயிறெரிந்தவள் நான்.
இன்னும் குறையட்டும், இன்னும் குறையட்டும் என்று
மாத்திரை கவுண்டரின் வரிசையில் நின்று
முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

மோட்டாரில் திரும்பும்போது அவன் பேசவில்லை.
சிவப்பு விளக்கில் நின்ற நேரம்
பின்னாலிருந்து இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தேன்.
போன மாதம் விரல்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி.
இன்று மூன்று விரற்கடை.
"என்ன அளக்கிறே?" என்றான்.
"பசிக்குது" என்றேன்.
நான் அதைச் சொல்லி
அவன் கேட்டதே இல்லை போல,
பச்சை விழுந்தும் கிளம்பவில்லை.
பின்னால் ஹாரன்.

கடையில் எனக்கு மட்டும் தட்டு வந்தது.
பருப்பு, கொஞ்சம் சம்பல்.
பிய்த்து நீட்டினேன்.
தலையாட்டி மறுத்துவிட்டுத் தே ஓவைக் கலக்கினான்,
அதில் கலக்க ஒன்றும் இல்லை.

முதலாவதை நான் தின்று முடிக்கும்வரை
அவன் மூன்றாவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.