எட்டும் பன்னிரண்டும்

முருகன்குறிச்சியில் டயர் கடைக்கு மேலே எங்கள் அறை.
கீழே காற்றடிக்கிற சத்தம் ஓய்ந்தால்
மேலே விசிறிகளின் சத்தம் கேட்கும்.

இருப்பது இரண்டு கிராபிக்ஸ் கார்டு.
ஒன்று பழசு. பன்னிரண்டு ஜிபி.
கோயம்புத்தூரில் எவனோ அதை வைத்து
மூன்று வருடம் இரவும் பகலும் காசு தோண்டியிருக்கிறான்.
விசிறியில் ஓர் இறகு மூளி.
மற்றது புதுசு. எட்டு ஜிபி.
நேற்றுதான் பார்சலில் வந்தது.
மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளை இசக்கிராஜ் உரிக்கவில்லை,
ஏழு நாளைக்குள் திருப்பலாம் என்று பில்லில் இருக்கிறது.

"ரெண்டுல ஒண்ணுதாம் நிக்கும் யக்கா. கடன் தாங்காது."
"போட்டுப் பாத்துருவோம்ல."

பரீட்சைக்கு ஏர்வாடி வீட்டை எடுத்தோம்.
இன்னும் அஸ்திவாரம் தோண்டாத வீடு.
அடுக்களை மேடையில் ஒரு கண்ணாடிக் குடுவை,
கழுத்துவரை தண்ணீர்.
ஜன்னல் வெளிச்சம் அதற்குள் புகுந்து
வளைந்து, வழி தவறி,
கிரானைட்டில் ஒரு கோணல் பொட்டாக விழ வேண்டும்.
அந்தப் பொட்டுக்குத்தான் அத்தனை கணக்கும்.

புதுசு: நாலு நிமிடம் பதினோரு வினாடி.
பழசு: ஆறு நிமிடம் இரண்டு.
புதுசு அறுபத்து மூன்று டிகிரியில் நின்றது.
பழசு எண்பத்தொன்று,
மூளி இறகு தடதடவென்று அடிக்க,
பக்கத்தில் வைத்த டீ ஆறவே இல்லை.
டயர் கடை காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

பெயரை மறைத்து இரண்டு படத்தையும்
இசக்கிராஜிடம் காட்டினேன்.
எது எதுடைய படம்?
தப்பாகச் சொன்னான்.
இடம் மாற்றிக் காட்டினேன். சரியாகச் சொன்னான்,
அதுவும் குத்துமதிப்புதான்.

பிறகு மரம்.

வீட்டுக்காரர் நைனா முகமது ஷார்ஜாவில் இருக்கிறார்.
வாசலில் ஒரு வேம்பு நிற்கிறதாம்.
அதை வெட்டி கார் ஷெட் போட வேண்டும் என்பது
அவர் மனைவி மைமூன் பீவியின் கட்சி.
"சாயங்காலம் நாலு மணிக்கு
அந்த நிழல் எங்க விழும்னு
அவளுக்குப் படத்துல காட்டணும்மா,
எம் பேச்சு எடுபடல."

ஒரு கொத்தைச் செய்து நகலெடுத்து ஒட்டினால்
அது ஜவுளிக்கடை வாசல் பிளாஸ்டிக் மரம்.
நான் கொத்துக் கொத்தாக மாற்றிச் செய்தேன்.
ஒவ்வோர் இலைக்கும் விளிம்பில் பல்,
நடுவில் சற்றே கோணிய நரம்பு,
நாலைந்தில் பூச்சி அரித்த ஓட்டை.

புதுசு அரை நிமிடம் யோசித்தது.
நினைவகம் போதவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துவிட்டது.
மரத்தை எடுத்துவிட்டுக் கொடுத்தேன்,
விருட்டென்று வீட்டை முடித்தது.
வெயில் வாசல்படி வரை வந்து நின்றது.

பழசு எல்லா இலையையும் வாங்கிக்கொண்டது.
பதினொன்றே முக்கால் ஜிபி.
அடிக்கிற ஆனிக் காற்றில்
பணகுடிப் பக்கம் காற்றாலைகள் விடாமல் சுற்றும் நேரம்.
அந்தக் கரண்ட் எந்த ஊருக்குப் போகிறதோ,
எங்களுக்கு மூன்றரைக்கு ஒரு தரம் கண் சிமிட்டியது.
யுபிஎஸ் கத்தியது. இசக்கிராஜ் "இசக்கியம்மா" என்றான்,
தன்னைத்தானே கூப்பிடுவதுபோல.
முப்பத்தெட்டு நிமிடம்.
நிழல் கீழிருந்து மேலாக, வரி வரியாக,
திரையில் வந்து சேர்ந்தது.

இரண்டையும் அனுப்பினோம்.
மரமில்லாத வீடு, மரமுள்ள வீடு.
எந்த கார்டு எதைச் செய்தது என்று
அவர்களுக்கு என்ன தெரியும்?

ராத்திரி ஒன்பதுக்கு மைமூன் பீவியின் குரல் வந்தது.
"மரம் நிக்கட்டும். ஆனா காரும் நிக்கணும்.
அதுக்கு கீழயே. கருப்புக் கார்."

கருப்புக் கார்.
பளபளக்கிற அந்த மூடியில் வேம்பு முழுவதும்
இன்னொரு தரம் தலைகீழாகத் தெரிய வேண்டும்.
எனக்கு மிச்சமிருப்பது கால் ஜிபி.

உச்சிக் கிளைகளில், கண் போகாத இடத்தில்,
இலைகளின் பல்லைக் கொஞ்சம் மழுக்கினேன்.
பூச்சி ஓட்டைகளை அடைத்தேன்.
யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

பின்னால் சர்ரென்று ஒரு சத்தம்.
புதுசின் மேல் தாளை
இசக்கிராஜ் உரித்துக்கொண்டிருந்தான்.
கடனைப் பற்றி நான் கேட்கவில்லை.
காரை உள்ளே இறக்கினேன்.
மூளி இறகு மறுபடி தடதடக்க ஆரம்பித்தது.